வெளுத்த பவளமும் தூக்குச்சட்டி ஐஸும்

டோரீனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளிடம் ஒருமுறையாவது அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். "பூனாவுல கடலே கெடையாதே, ஒம் மவன் கடல் வேலை பாக்கான்னு சொல்லுதியே, எந்தக் கடல்ல?" ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தாள். அப்புறம், "மொட்டை மாடில ஒரு கடல் மொண்டு ஊத்தி வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை.

வானவடியில் அவர்கள் ஃபிளாட்டில் இருந்து ஸ்கூட்டரில் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு பழைய பங்களா. படித்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்து ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தினார்கள். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை, உள்ளே கண்ணாடித் தொட்டிகள், உப்புத் தண்ணீர், நீல விளக்கு. தண்ணீருக்குள் சுண்டுவிரல் பருமனில் பவளத் துண்டுகள் தட்டுத் தட்டாக நின்றன. வனத்துறைக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்துக் கடலில் இருந்து கொண்டுவந்தவை. அவற்றின் தாய்ப் பவளம் இப்போது இல்லை. அடுத்த கோடையிலேயே கடல் கொதித்து, பாறை முழுக்க வெளுத்துச் செத்து, பாசி மூடிவிட்டது. அந்த இடத்தில் இருந்து உயிரோடு மிஞ்சியது தொட்டியில் இருப்பது மட்டும்தான். எந்தத் துண்டு எவ்வளவு சூடு தாங்குகிறது என்று பார்த்து, தாங்குகிறதை வளர்த்து, திரும்பவும் அதே கடலில் கொண்டுபோய் நடவேண்டும் என்பது டோரீனின் மகன் ஜெரோஷின் கனவு. முப்பது வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் தொட்டியைத்தான் பார்ப்பான்.

ஜேசுராஜ் அந்த மாடிப்படி ஏறியதே இல்லை. சாயர்புரத்துக்காரர். டிப்ளமோ முடித்த கையோடு ரயிலேறி வந்து, பிம்ப்ரியில் டீசல் இன்ஜின் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, நிக்டியில் குடியிருந்து, ரிட்டயர் ஆனபின் வானவடிக்கு மாறியவர். ரோட்டில் ஒரு லாரி போனால் சத்தத்தை வைத்தே எங்கள் இன்ஜின் என்பார். கிறிஸ்மஸ் சமயம் சாப்பிடும்போது ஜெரோஷ் சும்மா இருக்காமல், "நீங்க செஞ்ச இன்ஜின் எல்லாம் விட்ட புகை இருக்குல்ல பா, மத்லப், அந்த கர்மி, அந்தச் சூடுதான் கடல்ல போய் உக்காந்திருக்கு" என்று தன் வழக்கமான இந்திக் கலப்போடு சொல்லிவிட்டான். மனிதர் சாப்பிட்ட கையை உதறி எழுந்துவிட்டார்.

"நான் வச்ச கொதிதானோ ஒங்க கல்லையெல்லாம் கொன்னுது? சரிதாம்ல. அந்த இன்ஜின்ல வந்த சோறுதான ஒன் தட்டுல கெடக்கு?"

"அப்பா, நான் உங்களைச் சொல்லல..."

"பெறவு யாரச் சொன்ன, பக்கத்து வீட்டுக்காரனையா?"

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே டோரீன்தான் தபால்காரி.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று பூனாவில் அடித்த வெயிலை வெயில் என்று சொல்லக்கூடாது. ஏப்ரலில்கூட மாலையில் ஸ்வெட்டர் தேடிய ஊர் இது என்று பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். இப்போது காலை பத்து மணிக்கே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. தமிழ் ஆலயத்தில் மின்விசிறிகள் சுடுகாற்றை எடுத்து ஒருவர் முகத்தில் இருந்து இன்னொருவர் முகத்துக்கு வீசிக்கொண்டிருந்தன. மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம், முடிந்தபிறகு ஆலய வளாகத்தில் கஞ்சியும் சிறுபயறும் துவையலும். வீட்டில் இருக்கிற வயசாளிகளுக்கு வாங்கிப் போக ஆளுக்கு ஒரு தூக்குச்சட்டி கொண்டுவருவார்கள்.

டோரீன் வீட்டில் ஆலயத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லார் ஃபோனும் அவள் கைப்பைக்குள் போய்விடவேண்டும். ஜெரோஷ் காலேஜில் படிக்கும்போது, போதகர் ஜெபம் பண்ணுகிற நேரத்தில் அவன் சட்டைப்பையில் இருந்து குத்துப்பாட்டு கிளம்பி, பெண்கள் சங்கத்துச் செயலாளர் மகன் என்று சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த மானக்கேட்டுக்குப் பிறகு வந்த சட்டம். மகன் வளர்ந்து டாக்டர் பட்டமே வாங்கிவிட்டான், சட்டம் மட்டும் வளரவில்லை.

"அம்மா, என் ஃபோனை ஆஃப் பண்ணாதீங்க ப்ளீஸ். சைலண்ட்ல இருக்கு. டேங்க் அலாரம் அதுலதான் வரும். கூட வேலை பாக்குற ஹர்ஷாவும் ஊருக்குப் போயிட்டான், பங்களால ஆளே இல்ல" என்று வாசலில் நின்று சொல்லித்தான் கொடுத்தான்.

"சரிப்பா, சரி. அடிச்சா நான் ஒனக்குச் சைகை காட்டுதேன். போய் உக்காரு."

ஆண்கள் வலதுபக்கம், பெண்கள் இடதுபக்கம். இரண்டாம் வார்த்தைக்குப் போதகர் ஜெபகுமார் ஐயா எழுந்து, ஒரு நிமிடம் கண்ணை மூடி மௌனமாக நிற்பார். ஊசி விழுந்தால் கேட்கிற அந்த மௌனத்தில் மரப்பெஞ்சுமேல் வைத்த கைப்பை 'கர்ர்ர்' என்று அதிர்ந்தது. பெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்து பெண்கள் சங்கத்து ஃபேபியோலா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். டோரீனுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பைக்குள் கையை விட்டுத் துழாவி, எது யாருடையது என்றுகூடப் பார்க்காமல், நடுங்குகிற ஃபோனின் ஓரத்தை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டாள். யாராவது ஈஸ்டர் வாழ்த்தை முன்கூட்டியே அனுப்பியிருப்பார்கள் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டாள். மூன்றாம் வார்த்தையில் அது மறந்தே போயிற்று.

கஞ்சி வரிசையில் நின்றபோது ஜெரோஷ் வந்து ஃபோனை வாங்கினான்.

"ஆஃப் ஆயிருக்கே. சார்ஜ் இருந்துச்சே அம்மா?"

"தெரியலயேப்பா."

பெரிய வெள்ளிக்கிழமை, அதுவும் ஆலய வாசலில் நின்று சொன்ன பொய். இயேசுவைத் தெரியாது என்று மறுத்த பேதுருவுக்குக்கூட மூன்றாம் தடவைக்கு அப்புறம்தான் அழுகை வந்தது, டோரீனுக்கு முதல் தடவையிலேயே வந்துவிடும் போலிருந்தது. ஃபோன் உயிர் பெற்றதும் அலாரம் மேல் அலாரமாக வந்து விழுந்தது. ஜெரோஷின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"கரண்ட் போய் வந்திருக்கு. சில்லர் திரும்ப ஸ்டார்ட் ஆகல. தண்ணி முப்பத்திநாலு டிகிரி. அரே யார்... முப்பத்திநாலு!"

"எவ்ளோ இருக்கணும்?" என்று கேட்டது ஜேசுராஜ். கிறிஸ்மஸுக்கு அப்புறம் மகனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"இருபத்தேழு."

"இப்ப என்ன செய்யணும்? சொல்லு."

"ஐஸ் வேணும் பா. நிறைய. சில்லர் ஓடுறவரைக்கும்."

ஜேசுராஜ் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டார். டோரீன் தன் தூக்குச்சட்டியில் வாங்கியிருந்த கஞ்சியை ஃபேபியோலாவின் சட்டியில் அப்படியே கவிழ்த்தாள்.

"ஏக்கா, என்னக்கா, எங்க வீட்ல மாமா ஒருத்தருதான, இவ்ளோ கஞ்சியை யாரு குடிப்பா?"

"நீ குடி. ஒன் சின்னச் சட்டியைத் தா. ஏ பிள்ளைகளா, வெறுஞ்சட்டி வச்சிருக்கவ எல்லாம் தாங்கட்டி. எதுக்குன்னு பெறவு சொல்லுதேன்."

செயலாளர் கேட்டால் பெண்கள் சங்கத்தில் மறுபேச்சு ஏது? எட்டுப் பத்துச் சட்டிகள் சேர்ந்தன. ஆட்டோவில் அவற்றை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு போகும்போது அவை ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. ஜெரோஷ் ஃபோனையே பார்த்துக்கொண்டு வந்தான். டோரீன் அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாடி அறைக் கதவைத் திறந்ததும் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. மேலே தகரம் காய்ந்து கிடந்தது. தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் இயந்திரம் அந்தச் சூட்டைத் தாங்காமல் தானே அணைந்து, ஒரு சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஜெரோஷ் முதலில் நீல விளக்குகளை அணைத்தான், ஜன்னல்களைத் திறந்தான், டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். தொட்டிக்குள் பவளத் துண்டுகள் பழுப்பு நிறம் மாறாமல்தான் இருந்தன. டோரீனுக்கு ஒரு நிமிடம் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஒண்ணும் ஆகலல்லா? நல்லாத்தான இருக்கு?"

"இப்ப தெரியாது அம்மா. ரெண்டு மூணு நாள்லதான் தெரியும்."

படியில் தடதடவென்று சத்தம். ஜேசுராஜ் கோணிச் சாக்கில் ஐஸ் பாளம் ஒன்றைத் தோளில் வைத்து ஏறி வந்தார், சட்டை முழுக்க நனைந்திருந்தது. பின்னாலேயே கரும்புச்சாறு கடைக்காரர் இன்னொரு சாக்கோடு வந்தார். தெருமுனையில் கடை வைத்திருக்கிற மராத்திக்காரர். கடையில் இருந்த ஐஸ் மொத்தத்தையும் ஜேசுராஜ் கேட்டதும், யாருக்கோ காய்ச்சல் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"காய் ஜாலா காக்கா? பேஷண்ட் குட்டே ஆஹே?" என்று நோயாளியைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தார் அவர்.

"ஹே காய், பாணியாத்" என்று தொட்டித் தண்ணீரைக் காட்டினார் ஜேசுராஜ். கடைக்காரர் தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை, ஆனாலும் சாக்கை இறக்கி ஐஸை உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜேசுராஜ் ஒரு பெரிய கட்டியை எடுத்துத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். ஜெரோஷ் பாய்ந்து கையைப் பிடித்தான்.

"அப்பா, நேரா போடாதீங்க! அது நல்ல தண்ணி. உப்பு குறைஞ்சா அதுலயே செத்துரும்."

"பெறவு எப்படில குளுர வைக்க?"

நேரே போடக்கூடாது என்று மகன் முன்பு எப்போதோ சொன்னது டோரீனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது; தூக்குச்சட்டிகள் வந்த காரியம் ஜேசுராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐஸை நொறுக்கிச் சட்டியில் அடைத்து, மூடியை இறுக்கி, வெளியே கழுவித் துடைத்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்று மிதக்கவிட்டார்கள். பெயர் வெட்டிய சட்டிகள். ஃபேபியோலாவின் பெயர் ஒரு தொட்டியில் மெல்லச் சுற்றியது. ஐஸ் கரைந்த சட்டியை எடுத்து ஊற்றிவிட்டு, ஜேசுராஜ் அடுத்ததை அடைத்துக் கொடுப்பார். ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் ஆகாதாம், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவேண்டுமாம். ஜெரோஷ் தெர்மாமீட்டரோடு தொட்டிக்குத் தொட்டி ஓடினான். டோரீன் சட்டிகள் கவிழாமல் அவற்றின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை மரத்துப்போயிற்று. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஏ ஜெரோஷ்."

"ம்?"

"ஃபோனை நாந்தாம்ப்பா அணைச்சேன். ரெண்டாம் வார்த்தைல அடிச்சுது. வெக்கமாப் போச்சு, பாக்காம அணைச்சுட்டேன். கேட்டப்ப தெரியலன்னு பொய்யும் சொன்னேன்."

அவன் தெர்மாமீட்டரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜேசுராஜ் ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்த மூடியை டைட்டாப் புடிங்க அம்மா" என்றான் கடைசியில். "நல்ல தண்ணி உள்ள போயிடும்."

மெக்கானிக் வந்து சில்லரை ஓடவைத்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடம் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால்கூட டோரீன் தாங்கியிருப்பாள்.

ஈஸ்டர் அன்று துண்டுகள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் நுனிகள், அடுத்த நாள் முக்கால்வாசி, பிறகு தட்டு முழுக்க பல் வரிசை மாதிரி வெள்ளை. டோரீன் அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொந்த ஊரில் வெள்ளையாய்க் கிடக்கிற கடல்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அவள் கணக்கில் வெள்ளை என்றால் முடிந்தது.

"எல்லாஞ் செத்துப்போச்சா?"

ஜெரோஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபம் ஆறியிருந்தது, களைப்புதான் மிச்சம்.

"இல்ல அம்மா. இது கல்லு இல்ல, ஜானவர், உயிருள்ள பிராணி. உள்ள ஒரு சின்னப் பாசி குடியிருக்கும். அதுதான் வெயில்ல சமைச்சு இதுக்குச் சாப்பாடு போடும். கலரும் அதோடதுதான். சூடு ஏறினா ரெண்டுக்கும் ஒத்துக்காது, இது அதை வெளிய தள்ளிடும். இப்ப தெரியுற வெள்ளை எலும்பு. மேல உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கு, உயிர் இருக்கு. ஆனா பட்டினி."

"சமைக்கவ வீட்டை விட்டுப் போயிட்டான்னு சொல்லு."

"ஹாங், அதேதான்."

"திரும்பி வருவாளா?"

"தண்ணி குளிர்ச்சியா இருந்தா மெல்ல வரும். அதுவரைக்கும் இது தாங்கணும்."

"அப்ப நாம ஊட்டலாம்லா?"

இப்படித்தான் டோரீன் அந்த மாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் விளக்கு அணைந்தபிறகு, கண்ணுக்குத் தெரியாத இறால்குஞ்சைக் கரைத்த தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து ஒவ்வொரு துண்டின்மேலும் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழை மாதிரிக் கைகள் நீண்டு பிடிப்பது தெரியும். சிலதில் கை நீளவே இல்லை. அவற்றுக்கு முன் கூடுதல் நேரம் நின்றாள், ஜெபமும் பண்ணினாள். பவளத்துக்கு ஜெபம் பண்ணலாமா என்று போதகரிடம் கேட்கலாமென்று இருந்தது, சிரித்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

ஜேசுராஜும் கூட வர ஆரம்பித்தார். தகரக் கூரைமேல் வெள்ளைச் சாயம் அடிக்க ஆள் பார்த்தார். ஒருநாள் சில்லர் பக்கத்தில் நின்றுகொண்டு, மகனைப் பார்க்காமலே கேட்டார்.

"மொத்தப் புகையும் எங்க கம்பெனிப் புகைதானால?"

"சே, இல்ல பா. நிலக்கரி, பெட்ரோல், சிமெண்ட், பிளேன் எல்லாம். இந்தச் சில்லர் ஓடுற கரண்டும் நிலக்கரிலதான் வருது. நான் ஸ்கூட்டர்ல வரேன், ஏசி போடுறேன். பூமில ஏறுற சூட்டுல முக்கால்வாசிக்கு மேல கடல்தான் குடிக்குது. அன்னைக்கு நான் பேசினது தப்பு."

"தப்புன்னு இல்ல. இன்ஜின் புகை விடும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் புகை எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல." சில்லர்மேல் கை வைத்துச் சூடு பார்த்தார். "இத்தனைத் தொட்டிக்கே அன்னைக்கு நாக்கு தள்ளிட்டு. கடலுக்கு யாருல ஐஸ் போடுவா?"

தருவைகுளத்தில் இருந்து ஷிபின் அடிக்கடி ஃபோன் பண்ணுவான். அங்கே அறக்கட்டளைக்காகத் தண்ணீருக்குள் முங்கிப் பார்க்கிற பையன். இந்த வருஷமும் பாரெல்லாம் வெளுத்துக் கிடக்கு அண்ணே, கீழே தண்ணியே வெந்நியாட்டம் இருக்கு என்பான். பார் என்றால் அங்கே கடலடிப் பவளத் திட்டு. அந்த ஃபோன் வந்த நாட்களில் ஜெரோஷ் சரியாகச் சாப்பிட மாட்டான்.

மே கடைசியில், யாரும் எதிர்பாராத வேளையில் பூனாவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மழை இல்லை, அடைமழை. மாடித் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அன்று காலை ஜெரோஷ் ஃபோன் பண்ணி, "ரெண்டு பேரும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எல்லாம் போயிற்று என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்றே டோரீன் முடிவுகட்டிவிட்டாள். படியேறும்போது ஜேசுராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள், வெளியிடத்தில் அவர் கையைப் பிடித்து எத்தனையோ வருஷமாயிற்று.

ஜெரோஷ் லென்ஸை அம்மா கையில் கொடுத்தான். "அடியில பாருங்க. நிழல் விழுற பக்கம்."

"எனக்கு வெள்ளையாத்தாம்ப்பா தெரியுது."

"இன்னும் கீழ."

குனிந்தாள். துண்டின் அடியில், வெள்ளைமேல், பாலில் தேயிலைச்சாறு முதல் சொட்டு விழுந்ததுபோல் லேசான பழுப்பு. பக்கத்துத் துண்டிலும் அதேமாதிரி. அடுத்ததில் பாதிவரை ஏறியிருந்தது. ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"வந்துட்டாளா?" என்றாள்.

"வந்துட்டா அம்மா. சமையல் ஆரம்பிச்சாச்சு."

ஜேசுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். "அடேயப்பா" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

ஓரத்துத் தட்டில் சில துண்டுகள் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தன. ஜெரோஷ் அதை மறைக்கவில்லை. "இதெல்லாம் போயிடுச்சு. கம்மிதான். ஆனா மிச்சம் இருக்குல்ல, முப்பத்திநாலு டிகிரி பட்டும் பிழைச்சது. அது எது எதுன்னு இப்ப எனக்குத் தெரியும். இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன். காலைல ஷிபின் பேசினான். அங்க கச்சான், தென்மேற்குக் காத்து, பிடிச்சிடுச்சாம், கடல் ஆறிட்டு வருதாம். எல்லாம் பிழைக்காது, ஆனா கொஞ்சம் கலர் திரும்புதாம். கடல் அமந்ததும் இதுங்களைக் கொண்டுபோய் நடலாம்னு சொல்றான்."

"நல்ல வேளை" என்றார் ஜேசுராஜ்.

"இந்த வருஷத்துக்கு நல்ல வேளை பா. வர்ற ஏப்ரல் இருக்கு."

"அது வரட்டும், பாப்போம். இன்னைக்கு உள்ளதை இன்னைக்குச் சந்தோசப்படுவோம்ல."

டோரீன் அந்தப் பாசி பிடித்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கொன்னது இவ்ளோ" என்றாள்.

"நீங்க ஒரு மத்தியானம் ஃபோனை அணைச்சீங்க அம்மா, தெரிஞ்சதும் சட்டி தூக்கிட்டு ஓடி வந்தீங்க. கடல்ல இதுங்க அம்மா செத்தப்போ, சூடு ஏறுதுன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், ஒருத்தரும் ஓடல." ஜெரோஷ் அந்தத் தட்டை ஓரமாக நகர்த்தினான். "விடுங்க. இதுங்க உயிரோட இருக்குல்ல. நீங்க ஊட்டினதுதான்."

அதுவரை கட்டிவைத்திருந்ததெல்லாம் உடைந்து, அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஜேசுராஜ் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, தள்ளி நின்னு அழு. தண்ணிக்குள்ள விழுந்துரப் போவுது."

"விழட்டும் பா" என்றான் ஜெரோஷ். "உப்புத்தானே."

டோரீன் அழுகையின் நடுவிலேயே சிரித்துவிட்டாள்.